குரல் வால்வில் கசிவு: நடுவிலிருந்தா, ஓரத்திலிருந்தா?

அம்பைச்சாலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 68. விக்கிரமசிங்கபுரத்தில் மில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். புற்றுநோய்க்காக அவருடைய குரல்வளையை முழுவதுமாக அகற்றினார்கள்; இப்போது மூச்சு கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான். கதிர்வீச்சுச் சிகிச்சையும் முடிந்தபின் மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடைப்பட்ட சுவரில் துளையிட்டு, மூச்சுக்காற்றை உணவுக்குழாய்ப் பக்கம் விட்டுப் பேச வைக்கும் குரல் வால்வைப் பொருத்தியிருக்கிறார்கள். பேச்சு நன்றாகவே வந்துவிட்டது. மாலையில் தெருமுனையில் சேக்காளிகளுடன் நின்று தேர்தல் கணக்குப் பேசும் அளவுக்குத் தேறிவிட்டார்.

சில வாரங்களாகத் தண்ணீர், காபி, ரசம் என்று எதைக் குடித்தாலும் அடுத்த நொடியே இருமல் வருகிறது. கழுத்துத் துளையின் மேல் கட்டும் துணி நனைந்து, குடித்த காபியின் நிறமே அதில் தெரிகிறது. இட்லி, சோறு போன்றவற்றில் தொந்தரவு இல்லை. இருமலுக்குப் பயந்து அவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. அறுவை செய்த மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்தால், "வால்வு பழசாகியிருக்கும், வந்து மாற்றிக்கொள்ளுங்கள்" என்பதற்கு மேல் விளக்கம் கிடைக்கவில்லை. ஆனால் போன முறை மாற்றி அதிகக் காலம் ஆகவில்லை. ஒவ்வொரு முறையும் பயணம், வால்வின் விலை, உடன் வருபவரின் விடுப்பு என்று செலவு ஏறிக்கொண்டே போகிறது.

கசிந்தாலே மாற்றித்தான் ஆகவேண்டுமா? இதனால் நுரையீரலுக்கு ஆபத்தா? வீட்டில் நாங்களே பார்க்கக்கூடியது ஏதேனும் உண்டா? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

பொருநைக்கரை எழுதியது:

தம்பி, நானும் கழுத்தால் மூச்சு விடுகிறவன்தான். சேரன்மகாதேவிப் பக்கம் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றேன். மாற்றுவதா வேண்டாமா என்பதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். எங்கிருந்து ஒழுகுகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். வால்வின் நடுத்துவாரம் வழியாக ஒழுகுவதும், வால்வைச் சுற்றியுள்ள சதையின் ஓரமாக ஒழுகுவதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் இருமல் வரும், துணி நனையும். ஆனால் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. முதல் வகைக்குப் புது வால்வு போதும். இரண்டாவது வகைக்கு அதே அளவில் புது வால்வை மாட்டினால், பணம் போனபின்னும் ஒழுகல் அப்படியே இருக்கும்.

வீட்டில் பார்ப்பது கடினமில்லை. தந்தையை வெளிச்சத்துக்கு எதிரே நிமிர்ந்து உட்கார வைத்து, துணியை எடுத்துவிட்டு, துளையின் ஓரத்திலும் வால்வின் முகப்பிலும் உள்ள சளியை நன்றாகத் துடைத்துவிடுங்கள். டார்ச் விளக்கைத் துளைக்குள் நேராகப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு மிடறு பால் குடிக்கச் சொல்லுங்கள். உள்ளே சதை இளஞ்சிவப்பாக இருப்பதால் பாலின் வெண்மை பளிச்சென்று தெரியும். நடுத்துவாரத்திலிருந்து கசிந்தால், வால்வின் உள்வட்டத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு தோன்றி, திரண்டு, விளிம்பைத் தாண்டி வழியும். ஓரத்திலிருந்து வந்தால் நடுவட்டம் காய்ந்தே இருக்கும். வால்வின் வெளிவளையத்துக்கும் சதைக்கும் இடையில், பெரும்பாலும் அடிப்பக்கத்தில், பிறைபோல ஒரு வெள்ளைக் கோடு ஊறி வரும். ஒரு மிடறுக்கு மேல் வேண்டாம். இருமல் வந்தால் இருமி முடிக்கவிட்டு, மறுபடி துடைத்துவிட்டுப் பாருங்கள்.

அதன்பின் வால்வுக்குரிய பிரஷை விட்டுச் சுத்தம் செய்து, இதே சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். இரண்டு முடிவுகளையும் இங்கே எழுதினால் மேற்கொண்டு பேசலாம்.

முக்கூடல்வாசி எழுதியது:

அண்ணாச்சி சொல்வது சரிதான் என்றாலும், ஏழை பாழைகளுக்கு இதெல்லாம் கட்டுபடியாகுமா என்பதையும் பார்க்க வேண்டும். என் சித்தப்பாவுக்கும் இதே நிலைதான். வால்வுக்குள் செருகும் பிளக் ஒன்று விற்கிறார்கள். சாப்பிடும்போது அதைச் செருகிக்கொண்டு, பேசும்போது எடுத்துவிட்டு, அவர் பல மாதங்கள் ஓட்டினார். பிரஷைத் தேங்காய் எண்ணெயில் தொட்டு விட்டால் வழுக்கிக்கொண்டு போகும் என்று அவர் சொல்லுவார். வால்வு நிறுவனங்கள் சம்பாதிப்பதற்காக நாம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டுமா என்ன?

சொல்வளம் எழுதியது:

நான் பேச்சு சிகிச்சையாளர். குரல்வளை அகற்றப்பட்டவர்களுக்குப் பயிற்சி அளிப்பது என் அன்றாட வேலை. பிளக் பற்றியும் எண்ணெய் பற்றியும் உடனே சொல்லியாக வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

எண்ணெய் வேண்டவே வேண்டாம். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், வாசலின் எதுவானாலும் சரி. வால்வு சிலிகானால் ஆனது. எண்ணெய்ப் பசை அதைக் கெடுத்துவிடக்கூடும். அதைவிட முக்கியம், வால்வுக்கு முன்னால் இருப்பது மூச்சுக்குழாய். அங்கே சொட்டும் எண்ணெய் நேரே நுரையீரலுக்குப் போய் ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். வழுக்க வேண்டுமென்றால் பிரஷைச் சுத்தமான தண்ணீரில் நனைத்தாலே போதும். காது குடையும் பஞ்சுக்குச்சியையும் வால்வுக்குள் விடக்கூடாது. அதன் இழை உள்ளே சிக்கிக்கொண்டால் அதுவே புதுக் கசிவுக்குக் காரணமாகிவிடும்.

பிளக் நல்ல பொருள்தான். மருத்துவமனைக்குப் போகும் நாள்வரை நுரையீரலைக் காப்பாற்றிக்கொடுக்கும். ஆனால் அது நடுத்துவாரக் கசிவை மட்டுமே அடைக்கும். ஓரக் கசிவு உள்ளவர் பிளக்கைச் செருகிக்கொண்டு தைரியமாக ஒரு செம்பு தண்ணீர் குடித்தால் அத்தனையும் ஓரமாக உள்ளே இறங்கும். ஓரக் கசிவு இல்லாதவருக்கும் மாதக்கணக்கில் பிளக்கை நம்பி ஓட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மூடாத வால்வு மூடாத வால்வுதான். தூக்கத்தில் விழுங்கும் எச்சிலும், வயிற்றிலிருந்து எதுக்களித்து வருவதும் அதன் வழியே மூச்சுக்குழாய்க்குள் வரும். அதற்கு நேரம் காலம் கிடையாது.

நுரையீரலுக்கு ஆபத்தா என்று முதலில் கேட்டவருக்கு: ஆம். அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தாலோ, சளியின் நிறம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலோ, படியேறும்போது முன்பில்லாத இளைப்பு வந்தாலோ, சோதனை முடிவுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். உடலில் நீர் குறைந்தால் சளி கெட்டியாகி, துளையிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். கேப்பைக் கூழ், உளுந்தங்கஞ்சி, குழைய வடித்த சோற்றுக்கஞ்சி போல மெதுவாக இறங்கும் பதத்தில் கொடுத்தால் கசிவு குறையும். ரசமும் இளநீரும் சில நாட்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

தென்காசிச்சாரல் எழுதியது:

தம்பி, ஓரக் கசிவு எப்படி இருக்கும் என்பதை என் வீட்டுக்காரர் விஷயத்தில் முழுதாகப் பார்த்துவிட்டதால் எழுதுகிறேன். அவருக்குப் பேசும்போதெல்லாம் வால்வு முன்னும் பின்னும் லேசாக நகரும். நாங்கள் அப்போது போய்க்கொண்டிருந்த இடத்தில், ஒழுகுகிறதென்றால் ஓட்டை பெரிதாகிவிட்டது என்று சொல்லி, முன்னைவிடத் தடிமனான வால்வைப் பொருத்தினார்கள். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது. பிறகு அதைச் சுற்றியும் ஒழுக ஆரம்பித்தது.

அப்புறம் வேறொரு ஈ.என்.டி. மருத்துவரிடம் போனோம். அவர் வால்வைக் கழற்றியதும் புதியதை எடுக்கவில்லை; முதலில் அளவுகோல் போன்ற ஒரு கருவியை வால்வு இருந்த துளைக்குள் விட்டுச் சுவரின் கனத்தை அளந்தார். அறுவை செய்த புதிதில் வீங்கியிருந்த சதை வற்றி மெலிந்துவிட்டதாம். பழைய நீளத்திலேயே வால்வு இருந்ததால் அது இடைவெளியில் ஆடி ஆடி, துளையின் உள்விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. நீளம் குறைந்த வால்வைப் போட்டதும், அந்த அறையிலேயே குடித்துக் காட்டிய தண்ணீர் கசியவில்லை. எங்களுக்கு ஆத்திரம் ஒரு பக்கம், நிம்மதி ஒரு பக்கம்.

ஆகவே எங்கே போனாலும், "கழற்றும்போது அளந்து பார்ப்பீர்களா?" என்று பணிவாகக் கேட்டுவிடுங்கள். கேட்பதில் தவறில்லை.

சொல்வளம் எழுதியது:

தென்காசி அக்கா எழுதியது மிக முக்கியமான செய்தி. தடிமனும் நீளமும் வேறு வேறு அளவுகள் என்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. வால்வின் தடிமனை பிரெஞ்ச் என்ற அலகில் சொல்வார்கள். மூன்று பிரெஞ்ச் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். பரவலாகப் பயன்படும் ப்ரோவாக்ஸ் வேகா வகை 17, 20, 22.5 பிரெஞ்ச் தடிமன்களிலும், 4 முதல் 15 மில்லிமீட்டர் வரையிலான நீளங்களிலும் வருகிறது. ஒழுகினால் தடிமனைக் கூட்டுவது என்பது பழைய வழக்கம். கதிர்வீச்சு பட்ட சதைக்கு மீண்டு சுருங்கும் வலு குறைவு. பெரிய வால்வைத் திணிக்கத் திணிக்கத் துளையும் அகன்றுகொண்டே போகும். அதனால் இப்போது பலரும் அந்த வழியைத் தவிர்க்கிறார்கள்.

நீளம் சரியாக இருந்தும் ஓரமாக ஒழுகினால், உணவுக்குழாய்ப் பக்கம் அகலமான வளையம் கொண்ட வால்வைப் போடுவது உண்டு. மெல்லிய சிலிகான் வாஷரை வளையத்துக்குப் பின்னால் சேர்ப்பதும் உண்டு. வால்வைச் சில நாட்கள் எடுத்துவிட்டு, மெல்லிய குழாயை வால்வு இருந்த துளையில் வைத்து, அந்தத் துளை தானே சுருங்கட்டும் என்று காத்திருப்பதும் ஒரு வழி. அந்த நாட்களில் மூக்கு வழியாக உணவு செலுத்துவார்கள். துளையைச் சுற்றிச் சுருக்குத் தையல் போடுவது, சதையைப் பருமனாக்கும் ஊசி போடுவது, கடைசியாக வால்வுத் துளையையே அறுவை மூலம் மூடிவிடுவது என்று இந்த வரிசை நீளும். யாருக்கு எது என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும். ஓரக் கசிவு திரும்பத் திரும்ப வந்தால் தைராய்டு சோதனை, எடை, சத்துணவு, எதுக்களிப்பு ஆகியவற்றையும் பார்ப்பார்கள். கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குத் தைராய்டு குறைவது அடிக்கடி நேர்வது; அது குறைந்தால் சதை ஆறுவதும் மந்தமாகும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். துளையைச் சுற்றி வலி, இரத்தக் கசிவு, புதிதாக முளைத்த சதை ஆகியவை இருந்தால், நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை.

அம்பைச்சாலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பொருநைக்கரை அண்ணாச்சி சொன்னபடியே பார்த்தோம். அம்மா டார்ச் பிடித்தார்கள், நான் குனிந்து பார்த்தேன். பால் நடுவட்டத்தில்தான் பொட்டாகத் திரண்டது. ஓரம் முழுவதும் காய்ந்திருந்தது. பிரஷ் விட்டு எடுத்தபோது அதன் மயிர்களில் தயிர்த் துணுக்கு போன்ற வெள்ளைத் துகள்களும், ஒரு தக்காளி விதையும் ஒட்டிக்கொண்டு வந்தன. அதற்குப்பின் சோதித்தபோது கசிவு வெகுவாகக் குறைந்தது. ஆனால் முழுவதுமாக நிற்கவில்லை. மறுநாள் காலையில் பழையபடியே ஆகிவிட்டது.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. மேல்வரிசைக்குப் பல்செட் போட்டிருக்கிறார். இரவில் சாப்பிட்ட கையோடு கருப்பட்டிக் காபி குடித்துவிட்டுப் படுத்துவிடுவது அவருடைய நெடுநாள் பழக்கம். இவற்றுக்கும் கசிவுக்கும் தொடர்பு இருக்குமா?

பொருநைக்கரை எழுதியது:

நல்ல காரியம் செய்தீர்கள் தம்பி. இனி யாரிடம் போனாலும் "ஒழுகுகிறது" என்று மொட்டையாகச் சொல்லாமல், "நடுவிலிருந்து ஒழுகுகிறது, பிரஷ் விட்டால் குறைகிறது, ஆனால் நிற்கவில்லை" என்று சொல்லலாம். அந்த ஒரு வாக்கியத்தாலேயே மருத்துவரின் பாதி வேலை குறைந்துவிடும்.

பிரஷ் விடுவதில் ஒரு விஷயம். பலர் அதை முன்னும் பின்னும் இழுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். உள்ளே விட்டபின் மெதுவாகச் சுழற்றி, சுழற்றிக்கொண்டே வெளியே எடுத்து, ஒட்டியதை மெல்லிய துணியில் துடைத்துக் கழுவிவிட்டு மறுபடி விட வேண்டும். துணுக்கு வராத வரைக்கும். நான் காலையிலும் இரவிலும் தவறாமல் செய்கிறேன், கூட்டாஞ்சோறு சாப்பிட்ட நாளில் மதியமும் செய்வேன். கீரையும் பருப்பும் காயும் ஒன்றாகக் குழைந்த சாப்பாடு வால்வுக்குள் எப்படியாவது ஒரு பங்கு கேட்கும்.

சொல்வளம் எழுதியது:

நீங்கள் கேட்ட மூன்றுக்குமே தொடர்பு உண்டு. அந்த வெள்ளைத் துகள் உணவாகவும் இருக்கலாம். ஆனால் ஒரே இரவில் கசிவு திரும்பியதைப் பார்த்தால் கேண்டிடா பூஞ்சையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. வால்வின் பின்முனையில் கதவு போன்ற மெல்லிய மடல் ஒன்று உண்டு. பேசும்போது காற்றுக்குத் திறந்து, விழுங்கும்போது மூடிக்கொள்வது அதுதான். அந்த மடலின் விளிம்பில் பூஞ்சை படலமாகப் படிந்து, சிலிகானுக்குள்ளேயே வேர்விட்டு வளர்ந்துவிட்டால், மடல் வளைந்து பொருந்தாமல் நிற்கும். மேலே படிந்ததை பிரஷ் எடுத்துவிடும். உள்ளே வேர்விட்டதை எடுக்காது. வால்வு பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் உழைக்கும் என்று சொன்னாலும், ஆளுக்கு ஆள் இது பெரிதும் மாறுபடுவதற்குப் பூஞ்சை முக்கியக் காரணம்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். பல்செட்டை இரவில் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். அதன் அடிப்பக்கம் பூஞ்சை தங்கும் இடம். கதிர்வீச்சால் வாய் வறண்டவர்களுக்கு இது இன்னும் அதிகம். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மருந்தை உறிஞ்சுபவராக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சாப்பிட்ட உடனே படுப்பதால் அமிலம் எதுக்களித்து வால்வையும் அதைச் சுற்றிய சதையையும் நனைக்கிறது. கருப்பட்டிக் காபியைப் பறிக்கச் சொல்லவில்லை. சர்க்கரை நோயாளிக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான் என்பதை நினைவில் வைத்து அளவைக் குறைத்து, சாயங்காலத்துக்கு மாற்றிவிட்டு, சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் விட்டு, தலைமாட்டை உயர்த்திப் படுக்கச் சொல்லுங்கள்.

பூஞ்சைக்கு வாயில் கொப்பளித்து விழுங்கும் நிஸ்டாட்டின் திரவத்தையோ ஃப்ளூகொனசோல் மாத்திரையையோ மருத்துவர் எழுதுவார். மருந்துக்கடையில் கேட்டு நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். ஃப்ளூகொனசோல் சில சர்க்கரை மாத்திரைகளின் வீரியத்தைக் கூட்டி, சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு அதுவும் சிக்கல்.

தென்காசிச்சாரல் எழுதியது:

மேடம், மோர் குடித்தால் வால்வு அதிக நாள் உழைக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறேன். அது உண்மையா?

சொல்வளம் எழுதியது:

வெறும் வதந்தி இல்லை அக்கா. நெதர்லாந்தில் குரோனிங்கன் நகர ஆய்வாளர்கள், ஆய்வகத்தில் செயற்கைத் தொண்டை ஒன்றை அமைத்து அதில் வால்வுகளைப் பொருத்தி, மோர் போன்ற பால்பொருட்களால் பூஞ்சைப் படலம் குறைகிறதா என்று சோதித்திருக்கிறார்கள். குறைந்ததாகவே எழுதியிருக்கிறார்கள். நம் வீட்டு மோரில் உள்ள நுண்ணுயிர்களும் அவர்கள் பயன்படுத்தியவையும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. வால்வு ஒழுகாதவர் பழையதும் மோருமாகச் சாப்பிட்டால் நல்லதுதான். ஆனால் இப்போது ஒழுகிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு நீர்மோர் கொடுத்தால் அதுவும் தண்ணீர் போலவே நுரையீரலுக்குள் இறங்கும். அவருக்குக் கெட்டித் தயிர் பொருத்தம்.

களக்காட்டான் எழுதியது:

வாசித்துக்கொண்டு வந்தேன். எனக்கொரு சந்தேகம். வால்வை நாமே வீட்டில் கழற்றி மாட்ட முடியாதா? அப்படிப்பட்ட வகை உண்டு என்று கேள்விப்பட்டேன். இரவில் வால்வு தானாகக் கழன்று விழுந்துவிட்டால் என்ன செய்வது? நாங்கள் இருக்கும் இடத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதற்கே நேரமாகும்.

பொருநைக்கரை எழுதியது:

நல்ல கேள்வி. சுவரில் துளையிட்டு வால்வு பொருத்தும் இந்த முறையை 1980-இல் அமெரிக்காவின் மார்க் சிங்கரும் எரிக் புளோமும் வெளியிட்டபோது, வால்வை நோயாளியே கழற்றிக் கழுவி மாட்டிக்கொள்வதாகத்தான் இருந்தது. உள்ளேயே தங்கி, மருத்துவர் கையால் மட்டும் மாற்றப்படும் வகை பின்னால் வந்தது. நெதர்லாந்தில் உருவான ப்ரோவாக்ஸ் 1990-இல் அப்படித்தான் அறிமுகமானது. நம் பக்கத்தில் நான் பார்த்தவரை பெரும்பாலானவர்களுக்கு இருப்பது இந்த இரண்டாவது வகை. இதை வீட்டில் கழற்றவே கூடாது.

விழுந்துவிட்டால் முதலில் வால்வைத் தேடுங்கள். கட்டிலிலோ துணியிலோ கிடந்தால் பாதி பயம் போயிற்று. கிடைக்காவிட்டால் அது வயிற்றுக்குள் போயிருக்கலாம், மூச்சுக்குழாய்க்குள்ளும் போயிருக்கலாம். வயிற்றுக்குள் போனது பெரும்பாலும் தானாக வெளியேறிவிடும். மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால் உடனே எடுத்தாக வேண்டும். ஆகவே வால்வு கண்ணில் படாதவரை அது நுரையீரலில் இருப்பதாகவே கொண்டு, பலமாக இருமச் சொல்லி, நேரே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

வால்வு இருந்த துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கிவிடும். அது மூடிவிட்டால் மறுபடி துளையிட வேண்டியிருக்கும். அதனால்தான் சிவப்பு ரப்பர் குழாய் ஒன்றை மருத்துவமனையிலேயே கேட்டு வாங்கி, வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அதைத் துளைக்குள் எந்தக் கோணத்தில், எவ்வளவு ஆழம் விடுவது, வெளிமுனையை எப்படி மடித்துக் கட்டி ஒட்டுவது என்பதை மருத்துவமனையில் ஒரு முறை உங்கள் கையாலேயே செய்து பழகியிருந்தால் மட்டும் வீட்டில் செய்யுங்கள். பழகாதவர் முயல வேண்டாம். மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்வரை வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது, எச்சிலையும் துப்பச் சொல்லுங்கள். வழியில் ஏதாவது மருத்துவமனையில் நுழைய நேர்ந்தால், "இவருக்கு மூக்கிலும் வாயிலும் மூச்சு இல்லை, கழுத்தில்தான்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். விஷயம் தெரியாத இடத்தில் பிராணவாயு முகமூடியை மூக்கில் வைத்துவிடுவார்கள்.

சாரல் காலம் வருவதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். குற்றால அருவியும் பாபநாசப் படித்துறையும் நமக்கு இனிக் கரையில் நின்று பார்ப்பதற்கு மட்டும்தான். வால்வு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் கழுத்துத் துளை திறந்த வாசல். முங்கினால் தண்ணீர் நேரே உள்ளே போய்விடும்.

முக்கூடல்வாசி எழுதியது:

எண்ணெய் விஷயத்தைச் சித்தப்பாவிடம் இன்றே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் செலவைப் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. வெளிநாட்டு வால்வு ஒவ்வொன்றும் பல ஆயிரம் ரூபாய். மாதம் ஐந்நூறு ரூபாய்க்கு மருந்து வாங்கவே யோசிக்கிற வீட்டில் என்ன செய்வார்கள்?

சொல்வளம் எழுதியது:

நீங்கள் கேட்பது நியாயம், அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பெங்களூரைச் சேர்ந்த புற்றுநோய் அறுவை மருத்துவர் விஷால் ராவ், சுமார் ஐம்பது ரூபாய் விலையில் 'ஓம்' என்ற வால்வை உருவாக்கினார். அது உங்கள் சித்தப்பாவுக்குப் பொருந்துமா, கிடைக்குமா என்று அவருடைய மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், வால்வு மாற்றுவது அதில் அடங்குமா என்பதை மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் கிளம்புவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஈ.என்.டி. பிரிவில் விசாரிப்பதும் வீண்போகாது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் உங்களுக்கு அதிகத் தூரமில்லை.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். ஒழுகும் வால்வை மாற்றாமல் மிச்சப்படுத்தும் பணம், நிமோனியாவுக்காக ஒரு வாரம் படுக்கையில் கிடந்தால் அதற்கே போதாது. பூஞ்சையைக் கட்டுப்படுத்தி ஒரு வால்வைக் கூடுதலாக இரண்டு மாதம் உழைக்க வைப்பதுதான் உண்மையான சிக்கனம்.

அம்பைச்சாலை எழுதியது:

மாற்றிவிட்டு வந்துவிட்டோம். கழற்றிய வால்வை மருத்துவர் எங்களிடம் காட்டினார். பின்பக்க மடலின் விளிம்பு முழுவதும் மஞ்சள் கலந்த வெள்ளைப் புள்ளிகள். ஒரு பக்கம் மடல் சுருண்டு, நகம் நுழையும் அளவுக்குத் திறந்தே நின்றது. பூஞ்சைதான் என்று உறுதியாகச் சொல்லி நிஸ்டாட்டின் எழுதிக்கொடுத்தார். அப்பாவின் சர்க்கரை மாத்திரைகளை வாசித்துப் பார்த்தபிறகே எழுதினார். தென்காசி அக்கா சொன்னதை நினைவில் வைத்து அளந்து பார்க்கச் சொன்னோம். முகம் சுளிக்காமல் அளந்தார். நீளம் 10 மில்லிமீட்டரிலிருந்து 8-க்குக் குறைந்துவிட்டது. ஓரக் கசிவு இன்னும் தொடங்கவில்லை என்றாலும், இப்படியே விட்டிருந்தால் அதுவும் வந்திருக்கும் என்றார். அங்கேயே தண்ணீர் குடித்துக் காட்டினார் அப்பா. ஒரு சொட்டுக்கூட வரவில்லை. ஊர் திரும்பும் வழியில் கல்லிடைக்குறிச்சியில் இறங்கி ரசம் ஊற்றிச் சாப்பிட வேண்டும் என்று அடம்பிடித்தார்; வாங்கிக் கொடுத்தோம்.

இரவுக் காபி சாயங்காலத்துக்கு மாறிவிட்டது, பல்செட் கிண்ணத்தில் கிடக்கிறது. தலைமாட்டை உயர்த்துவதற்கு மட்டும் இன்னும் சண்டை போடுகிறார்.

பொருநைக்கரை எழுதியது:

மகிழ்ச்சி தம்பி. கட்டிலின் தலைப்பக்கக் கால்கள் இரண்டுக்கும் அடியில் மரக்கட்டை கொடுத்துவிடுங்கள். தலையணையாக இருந்தால் தூக்கத்தில் தள்ளிவிடுவார். இன்னொன்று, நீளம் 8 ஆகிவிட்டதால் வீட்டில் இருக்கும் பழைய பிரஷைப் பயன்படுத்த வேண்டாம். 10 அளவுக்கு வாங்கிய நீள பிரஷ், குட்டை வால்வைத் தாண்டிப் போய் உணவுக்குழாயின் பின்சுவரில் இடிக்கும். வால்வுடன் வந்த அட்டையில் அளவு எழுதியிருக்கும். அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதற்குரிய பிரஷாகக் கேட்டு வாங்குங்கள். வாங்கும்போது இரண்டாக வாங்கிவிடுங்கள், ஒன்று மயிர் மடிந்து போனால் உடனே மாற்ற வசதியாக இருக்கும்.